வாடிய செடியைப் பிடுங்கியாச்சு, அப்புறம்? மண்ணில் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவைச் சமாளிக்கும் வழி

காலையில் நிமிர்ந்து நின்ற தக்காளிச் செடி மத்தியானம் தலையைத் தொங்கப் போடுகிறது. சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் லேசாக எழுகிறது, மறுநாளும் அதே கதை, நாலாம் நாள் எழவே இல்லை. ஆனால் இலை மட்டும் பச்சையாகவே இருக்கிறது, மஞ்சள்கூடத் தட்டவில்லை. இதை உங்கள் வீட்டில் பார்த்திருந்தால் மேலே படியுங்கள். பார்க்காதவர்களும் படித்து வைக்கலாம், இந்த ஊர் வெயிலிலும் மழையிலும் கத்தரி, தக்காளி வைத்தால் ஒருநாள் பார்க்கத்தான் போகிறீர்கள்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்தவர்கள்தான் இங்கே பாதிப்பேர். லயத்தில் இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் இடம், இப்போது வீட்டுப் பக்கவாட்டில் நாலடி அகலத்துக்கு ஒரு துண்டு மண், அதுவும் எங்கிருந்தோ லோரியில் கொண்டுவந்து கொட்டிய மண். அந்த நாலடியில்தான் மிளகாய், கத்தரி, தக்காளி, ஒரு கருவேப்பிலை, ஓரத்தில் இரண்டு வாழை. நோய் வருவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது, ஏனென்றால் பயிரை மாற்றி மாற்றி வைக்க நமக்கு இடமே இல்லை.

நான் மூன்று முறை கத்தரி வைத்து மூன்று முறையும் தோற்றேன். ஒவ்வொரு முறையும் செத்த செடியைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் புதுக் கன்றை நட்டேன். மூன்றாவது முறை அத்தை வந்து பார்த்துவிட்டு, கண்ணு பட்டிருக்கு என்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். நான்காவது முறைதான் புத்தி வந்தது: செடியைக் கொன்றது எங்கிருந்தோ புதிதாக வரவில்லை, போகவே இல்லை. எனக்கும் அதற்கும் நடந்த சண்டையில் நான் கற்றுக்கொண்டதை, புதிதாகச் செடி வைக்கிறவர்களுக்காக வேலை வரிசைப்படி எழுதுகிறேன்.

முதல் வேலை: கண்ணாடி கிளாஸ்

மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். எது கொன்றது என்று தெரியாமல் எதை வாங்குவீர்கள்?

வாடிய செடியின் அடித்தண்டை, மண்ணுக்கு மேலே ஒரு விரல் உயரம் விட்டு, மூன்று அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். சுத்தமான கண்ணாடி கிளாஸில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, அந்தத் துண்டின் வெட்டுமுனை தண்ணீரில் லேசாக முங்கும்படி ஒரு குச்சியில் கட்டி நிறுத்துங்கள். கிளாஸை அசைக்காதீர்கள். பின்னால் கறுப்புத் துணி ஏதாவது இருந்தால் நன்றாகத் தெரியும். இரண்டு மூன்று நிமிஷத்தில் வெட்டுமுனையிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக ஒரு இழை கீழே இறங்கும். அப்புறம் இன்னொன்று. சாம்பிராணிப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பது மாதிரி, மெதுவாக, நெளிந்து நெளிந்து இறங்கும். ரப்பர்ப் பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஏதோ தெரிந்த காட்சி மாதிரியே இருக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரே கலங்கிவிடும்.

அந்த இழை பாக்டீரியா வாடல் நோயின் அடையாளம். பெயர் ரால்ஸ்டோனியா சொலனசியாரம், அமெரிக்காவின் எர்வின் ஸ்மித் 1896-ல் விவரித்த கிருமி. அப்புறம் பெயரை மாற்றி மாற்றி வைத்து, 2014-ல் இதையே மூன்று இனங்களாகப் பிரித்தார்கள், நமக்கு அந்தச் சிக்கல் வேண்டாம். நன்றாக வாடிய செடியின் ஒரு கிராம் தண்டில் இந்தக் கிருமி நூறு கோடிக்கு மேல் இருக்கும். தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களில் புகுந்து, கொழகொழவென்று ஒரு பசையைச் சுரந்து, குழாயை அடைத்துவிடுகிறது. வேர் ஈர மண்ணில் இருந்தும் இலை தாகத்தில் சாவது அதனால்தான்.

இழை வரவில்லையா, இலையும் கீழிருந்து மஞ்சளாகி மெதுவாகச் செத்ததா? அது பெரும்பாலும் பூசண வாடல். அதற்கு வைத்தியம் வேறு, இந்தக் கட்டுரை உதவாது.

ஒரு எச்சரிக்கை, இது என் சொந்த முட்டாள்தனம். முதல் தடவை அந்தப் பால் இழையைப் பார்த்த சந்தோஷத்தில், கிளாஸ் தண்ணீரை எங்கே ஊற்றினேன் தெரியுமா? பக்கத்தில் இருந்த மிளகாய்ச் செடி மூட்டில். தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று வளர்த்த வளர்ப்பு. மூன்று வாரத்தில் அந்த மிளகாயும் படுத்தது. சோதனை முடிந்ததும் அந்தத் தண்ணீரில் துணி வெளுக்கும் குளோராக்ஸ் ஒரு மூடி ஊற்றி அரைமணி நேரம் வைத்துவிட்டுக் கழிவறையில் கொட்டுங்கள்.

எதிராளியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக ஆசை வரும், போகாதீர்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள், பசில்லஸ் வகை மாதிரி, கஷ்டகாலம் வந்தால் கெட்டியான ஓடு கட்டிய வித்தாக மாறிவிடும். கொதிக்கிற தண்ணீரைக்கூடத் தாங்கும். செடிக்கு நோய் தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வித்தை தெரியாது. ரால்ஸ்டோனியாவுக்கும் தெரியாது, இலைப்புள்ளி போடும் சாந்தோமோனாசுக்கும் தெரியாது, சாவி என்கிற கடுகுக் கீரையை அழுக வைக்கும் பெக்டோபாக்டீரியத்துக்கும் தெரியாது. தனி ஆளாக வெட்டவெளியில் வெயிலில் காயவிட்டால் சீக்கிரம் செத்துப்போகும். அப்படியானால் வருஷக்கணக்கில் எப்படிப் பிழைக்கிறது? தனி ஆளாக நிற்பதே இல்லை, அதுதான் விஷயம்.

குழாயை அடைத்த அந்தப் பசைதான் வெளியிலும் அதற்குப் போர்வை. பசைக்குள் ஒரு கூட்டமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே ஈரம் காயாது, மருந்து சுலபமாக உள்ளே நுழையாது. உங்கள் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் விரலை வைத்தால் வழுக்குகிறதே, அந்த மாதிரி ஒரு படலம். சாந்தோமோனாசின் பசையை நீங்கள் தின்றுகூட இருக்கிறீர்கள். சாந்தன் கம் என்று சாஸ் போத்தல் லேபிளில் போட்டிருக்குமே, அது முட்டைக்கோசுக்குக் கறுப்பழுகல் தரும் கிருமியிடமிருந்து தொழிற்சாலையில் எடுக்கிற பசை. அந்தக் குடும்பத்துக்கே உரிய மஞ்சள் நிறமும் சும்மா அழகுக்கு இல்லை, இலைமேல் வெயிலைத் தாங்க அது குடை.

அடுத்தது தூக்கம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த, ரொம்ப எரிச்சல் தருகிற பகுதி. பட்டினி, குளிர், செம்பு மருந்து மாதிரி ஏதாவது நெருக்கினால், ரால்ஸ்டோனியா வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆய்வகத்தில் தட்டில் ஊட்டம் வைத்து வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் முளைக்காது, கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் உயிர் இருக்கும். 1982-ல் ரீட்டா கோல்வெல் குழுவினர் காலராக் கிருமியிடம் இந்த நிலையைக் காட்டினார்கள், பிறகு செடிக் கிருமிகளிலும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. இப்படித் தூங்குகிற ரால்ஸ்டோனியா தக்காளி வேர் பக்கத்தில் வந்தால் விழித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறார்கள். பட்டினியில் உடம்பு சுருங்கி உருண்டையாகிவிடும், வெறும் தண்ணீரில் நாலு வருஷம் கிடந்து அப்புறமும் செடியை வாட வைத்திருக்கிறது. ஆய்வகங்களில் இந்தக் கிருமியைச் சேமித்து வைப்பதே கொதிக்க வைத்த சுத்தத் தண்ணீரில்தான், அலமாரியில், சாதா வெப்பத்தில். நம் வீட்டு ஊறுகாய்க்குக் கிடைக்கிற கவனிப்புகூட அதற்குத் தேவையில்லை.

மூன்றாவது, அடுத்தவர் வீட்டில் ஒளிவது. களையின் வேரில், வாடாத செடியின் தண்டில், புதைந்து கிடக்கும் பழைய வேர்த்துண்டில், விதையில், தண்ணீரில்.

ஆக, கொல்வது என்பதை மறந்துவிடுங்கள். போர்வையைப் பிடுங்க வேண்டும், வீட்டைக் காலி பண்ண வேண்டும், விழித்து எழுந்தால் தின்ன ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்குத்தான்.

பிடுங்குவது எப்படி

வாடிய செடியைப் பிடித்து இழுத்து, வேரில் ஒட்டிய மண்ணை உதறாதீர்கள். எல்லாரும் செய்யும் தப்பு இது. உதறும் ஒவ்வொரு தடவையும் மண்ணைப் பாத்தி முழுக்க விதைக்கிறீர்கள். முதலில் செடிமேல் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியால், நம் பேச்சில் சாங்கோலால், சுற்றி ஒரு சாண் அகலம் விட்டு மண்ணோடு பெயர்த்துப் பைக்குள் தள்ளுங்கள். விட்டுப்போன வேர்த்துண்டுகளையும் கிளறி எடுங்கள். ஒரு வேர்த்துண்டு என்பது அதற்கு ஒரு லயம், குடும்பத்தோடு இருக்கும்.

பையைக் கட்டி, சிமெண்டுத் தரையில் வெயில் படும் இடத்தில் ஐந்தாறு வாரம் வையுங்கள். உள்ளே வெந்து கூழாகிவிடும். பிறகு அப்படியே குப்பை லோரிக்குக் கொடுக்கலாம். எரிக்கலாமே என்பீர்கள், திறந்தவெளியில் எரிப்பது இங்கே சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டுத் துணியும் புகை நாறும். உரக்குழியில் போடவே போடாதீர்கள். வீட்டு உரக்குழி அவ்வளவு சூடாவதில்லை, நீங்களே அள்ளிக்கொண்டு போய் அடுத்த பாத்திக்குப் போடுவீர்கள்.

வாடாமல் பக்கத்தில் நிற்கும் செடியை என்ன செய்வது? மனசு வராதுதான். ஆனால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடியைச் சேர்த்து எடுத்துவிடுவது நல்லது. வேரும் வேரும் மண்ணுக்கடியில் தொட்டுக்கொண்டிருக்கும்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

அடுத்த பெரிய மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நில்லுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் இந்த மேற்குக் கரையில் சாயங்கால மழை கொட்டுமே, அப்போது உங்கள் பாத்திக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எப்படிப் போகிறது என்று பாருங்கள். என் வீட்டில் பின்வீட்டுக்காரர் மண்ணிலிருந்து வேலிக்கடியில் ஒரு கை அகலத்துக்கு ஓடை மாதிரி வந்துகொண்டிருந்தது. அவர் வீட்டிலும் மிளகாய் வாடியிருந்தது. இரண்டு வருஷமாக நான் என் மண்ணைச் சுத்தம் பண்ணுகிறேன், அவர் வீட்டுத் தண்ணீர் திரும்பக் கொண்டுவந்து நிரப்புகிறது.

வேலி ஓரம் இரண்டு வரிசை செங்கல் வைத்து அந்தத் தண்ணீரை நேரே லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டேன். பாத்தியை ஒரு முழம் உயர்த்தினேன். லோங்காங்கிலோ பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலோ தண்ணீர் மொண்டு செடிக்கு ஊற்றாதீர்கள், குழாய்த் தண்ணீர் போதும். ஆற்றுத் தண்ணீர் ஓடுகிறதே, சுத்தமாகத்தானே இருக்கும் என்று நினைக்கலாம். 1995-ல் நெதர்லாந்தில் உருளைக்கிழங்கு வயல்களில் இந்த நோய் பெரிதாகப் பரவியபோது, வாய்க்கால் தண்ணீரும் ஒரு முக்கியக் காரணமாக இருந்தது, வாய்க்கால் கரையில் வளர்ந்த ஒரு களையின் வேர் கிருமிக்கு வீடாக இருந்தது. குளிர்காலத்தில் தண்ணீரில் கிருமி தேடினால் கிடைப்பதே அரிது, வெயில் காலம் வந்ததும் திரும்பக் கிடைக்கும். அந்தக் குளிர் நாட்டிலேயே அப்படி. இந்த ஊரில் கிருமிக்கு மிகவும் பிடித்த 28 முதல் 32 டிகிரி வருஷம் முழுக்க இருக்கிறது, அது தூங்க வேண்டிய அவசியமே அதிகம் இல்லை.

மணத்தக்காளியைப் பற்றி ஒரு கெட்ட செய்தி

அந்த நெதர்லாந்துக் களை கத்தரிக் குடும்பம். நம் வீட்டில் கீரைக்காக விடும் மணத்தக்காளியும் கத்தரிக் குடும்பம்தான். வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று யாரும் பிடுங்குவதில்லை, அது பாட்டுக்குத் தானாக முளைத்து வளரும், வாடாது, பளபளவென்று நிற்கும், அதன் வேரில் ரால்ஸ்டோனியா வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். கத்தரிப் பாத்தியிலும் அதைச் சுற்றியும் மணத்தக்காளி வேண்டாம். வேண்டுமானால் தனியாக ஒரு பாலிபேக்கில் சிமெண்டுத் தரைமேல் வையுங்கள். நிலக்கடலையும் இஞ்சியும்கூட இந்தக் கிருமிக்கு விருந்தாளி வீடுதான், அதனால் தக்காளி செத்த இடத்தில் இஞ்சி போடலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

வாழைக்கு வேறு வகை வருகிறது. மோக்கோ என்ற வாடல் நோயும், ரத்தநோய் என்று சொல்லப்படுவதும் மலேசியாவில் இருக்கின்றன, இரண்டுமே ரால்ஸ்டோனியா குடும்பம்தான். பூச்சி பூவில் உட்கார்ந்து கொண்டுவரும், அதைவிடச் சுலபமாக நம் பாராங் கத்தி கொண்டுவரும். பக்கத்து வீட்டு மலாய் மாமா, பாக்சிக், தன் மரத்தில் வாழைப்பூ வெட்டிக்கொள்ளச் சொல்வார், அதே பாராங்கோடு வந்து நம் மரத்திலும் ஒரு வெட்டு. வாழைப்பூ வடைக்கு அது பெரிய விலை. ஒரு கவைக்குச்சியால் பூவை முறுக்கி ஒடித்து எடுங்கள், வெட்டவே வேண்டாம்.

கருவி, செருப்பு, கை

குளோராக்ஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. பத்து நிமிஷம் ஊற வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் மண்ணைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வரிசையை மாற்றக்கூடாது. மண்ணும் சேறும் இருந்தால் குளோரின் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், அடியில் பசைப் படலத்துக்குள் இருக்கும் கிருமி சிரித்துக்கொண்டிருக்கும். குளோராக்ஸை வேறு எந்தக் கழிவறை மருந்தோடும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். கத்தரிக்கோல், சின்னக் கத்திக்கு 70 சதவீத ஆல்கஹால் தெளித்துத் துடைத்தால் போதும், குளோராக்ஸில் இரும்பு துருப்பிடிக்கும். பாத்திக்கு என்று ஒரு ஜப்பான் சிலிப்பர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நோய்ப் பாத்தி வேலையைக் கடைசியில் செய்யுங்கள், அங்கிருந்து நேரே குளியலறைக்குப் போங்கள்.

மண்ணை என்ன செய்வது

மூன்று வழி உண்டு, மூன்றும் அரைகுறைதான், சேர்த்துச் செய்தால் பலன் தெரியும்.

வெயில்: பாத்தியைக் கொத்தி, கட்டி உடைத்து, நன்றாக நனைத்து, மேலே கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பை மண்ணோடு ஒட்டிப் போர்த்தி, நாலு ஓரமும் மண்ணில் புதைத்துவிடுங்கள். கறுப்பு விரிப்பு அல்ல, தெளிவானது, அப்போதுதான் வெயில் உள்ளே போகும். மண் நனைந்திருப்பது முக்கியம், ஈரம்தான் சூட்டைக் கீழே கொண்டுபோகும், விழித்திருக்கும் கிருமிக்குத்தான் சூடும் நன்றாகச் சுடும். நாலு முதல் ஆறு வாரம். பிப்ரவரி அல்லது ஜூன், ஜூலை இதற்கு நல்ல நேரம், மழை குறைவு. இதனால் வேகுவது மேல்மண் ஒரு சாண் ஆழம்தான், அதற்குக் கீழே இருப்பவை தப்பித்துவிடும், அதனால் பிறகு ஆழமாகக் கொத்திக் கீழ்மண்ணை மேலே கொண்டுவராதீர்கள். வீட்டு நிழல் விழும் நாலடிப் பாத்திக்கு இது பாதிப் பலன்தான் தரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுண்ணாம்பு: தோட்டத்து மண் புளித்த மண். கிருமிக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும். எண்ணெய்ச் செம்பனைக்குப் போடும் ஜிஎம்எல் என்ற சுண்ணாம்புத் தூள் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான், அதைப் போட்டுப் புளிப்பைக் குறைக்கலாம். சுண்ணாம்போடு யூரியா சேர்த்துப் போட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன, சதுர மீட்டருக்கு அரைக்கிலோ சுண்ணாம்பும் 40 கிராம் சொச்சம் யூரியாவும். சில மண்ணில் கிருமி நன்றாகக் குறைந்தது, சில மண்ணில் ஒன்றும் நடக்கவில்லை. செய்தால், நடுவதற்கு மூன்று வாரம் முன்பே செய்யுங்கள், இல்லாவிட்டால் கன்றின் வேர் வெந்துவிடும். சுண்ணாம்பு தூவும்போது கண்ணுக்கும் மூக்குக்கும் மறைப்பு வேண்டும்.

பட்டினி: இதுதான் எனக்கு நம்பிக்கையான வழி. கத்தரிக் குடும்பம் எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று போகம் சோளம் போடுங்கள். செராய், அதாவது எலுமிச்சைப்புல், வைக்கலாம். புல் குடும்பத்து வேரில் அதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். அந்த இரண்டு மூன்று போகமும் தக்காளி மிளகாய் வேண்டுமே என்றால் பாலிபேக்கில் தென்னை நார்த்தூள் போட்டு வையுங்கள், நம் நாட்டில் மிளகாய் உரப்பாசனம் செய்கிறவர்கள் செய்கிற மாதிரி. பையைத் தரை மண்மேல் நேரே வைக்காதீர்கள், செங்கல் மேல் வையுங்கள். பையின் ஓட்டை வழியாக வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும், என் பையில் இறங்கியது.

விதைக்கும் ஒரு வேலை இருக்கிறது

மிளகாய், தக்காளி இலையில் கறுப்புப் புள்ளி போடும் சாந்தோமோனாஸ் விதையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்த விதையில் நமக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். சொந்தமாக விதை எடுக்கிறவர்கள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பழத்திலிருந்து எடுக்கிறவர்கள், சுடுதண்ணீர் வைத்தியம் செய்யலாம். தக்காளி, கத்தரி விதைக்கு 50 டிகிரியில் 25 நிமிஷம். மிளகாய்க்கு 52-ஐத் தாண்டாமல் 30 நிமிஷம். டிகிரி என்றதும் பயப்பட வேண்டாம், கேக் செய்கிறவர்கள் வைத்திருக்கும் தெர்மாமீட்டர் போதும். விதையை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம், அப்புறம் தேத்தண்ணீர் பிளாஸ்கில் சரியான சூட்டில் கலந்து வைத்த தண்ணீரில். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முக்கி நிழலில் காயவையுங்கள். இரண்டு டிகிரி ஏறினால் விதை செத்துவிடும், குறைந்தால் கிருமி பிழைத்துவிடும், இடைவெளி அவ்வளவுதான். பழைய விதை இந்தச் சூட்டைத் தாங்காது, புது விதையில் பத்தை மட்டும் முதலில் சோதித்துப் பாருங்கள்.

மருந்து அடிக்கலாமா?

வாடலுக்கு அடிக்காதீர்கள். கிருமி தண்டுக் குழாய்க்குள் இருக்கிறது, நீங்கள் இலைமேல் அடிக்கிறீர்கள். இலைப்புள்ளிக்குச் செம்பு மருந்து ஓரளவு உதவும், ஆனால் வாராவாரம் அடித்துக்கொண்டே இருந்தால் செம்பைத் தாங்கும் சாந்தோமோனாஸ் மட்டும் மிஞ்சிப் பெருகும். பல நாடுகளில் அது நடந்துவிட்டது. தாங்கும் திறனுக்கான மரபணுவை ஒன்று இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடவும் செய்யும், அதற்கென்று பிள்ளை பெற்று வளர்க்கக்கூட வேண்டாம். ரால்ஸ்டோனியாவுக்கோ செம்பு என்றால் தூங்கப் போவதற்கு மணி அடித்தது மாதிரி, முன்னமே சொன்னேன்.

இன்னொன்றும் ஊரில் நடக்கிறது. கிளினிக்கில் காய்ச்சலுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மீந்துபோனால் அந்த மாத்திரையைக் கரைத்துச் செடிக்கு ஊற்றுவது. தயவுசெய்து வேண்டாம். வேலையை நிறுத்திவிட்டுக் கிடக்கும் கிருமியை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது, அந்த மருந்துகளில் பல, கிருமி வேலை செய்துகொண்டிருந்தால்தான் கொல்லும். மண்ணில் இருக்கும் நல்ல கிருமிகள் சாகும், போட்டிக்கு ஆள் இல்லாமல் இது மட்டும் எழுந்து உட்காரும்.

திரும்ப நடும்போது: சுண்டைக்காய் வேர்

நம் வீட்டு வத்தக்குழம்புச் சுண்டைக்காய், மலாய்க்காரர்கள் தெரோங் பிப்பிட் என்பார்கள், இந்த வாடலை நன்றாகத் தாங்கும். அதன்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டுவது பல நாடுகளில் நடக்கும் வேலைதான். தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் தக்காளியை ஈஜி203 என்ற கத்தரி வேரின்மேல் ஒட்டச் சொல்கிறது, அந்த விதை நமக்குச் சுலபமாகக் கிடைக்காது, சுண்டைக்காய் வேலி ஓரத்திலேயே கிடைக்கும்.

சுண்டை விதை மெதுவாக முளைக்கும், அதனால் கத்தரி விதைக்கு மூன்று நாலு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். இரண்டின் தண்டும் ஒரே தடிமனுக்கு வந்ததும், சுண்டையைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் வெட்டி, நடுவில் கீழ்நோக்கி ஒரு பிளவு, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. கத்தரி நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரியாக்கி, அந்தப் பிளவில் இறக்குங்கள். தோலும் தோலும் ஒரு பக்கமாவது ஒட்ட வேண்டும். ஒட்டுக் கிளிப் இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் மலேசியா என்கிற குழாய் ஐஸ் கட்டும் பிளாஸ்டிக்கை நாடாவாகக் கிழித்துச் சுற்றலாம், நான் அப்படித்தான் செய்தேன். மேலே ஒரு பையைக் கவிழ்த்து ஏழெட்டு நாள் நிழலில் வைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் பிளேடைத் துடையுங்கள். நடும்போது ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், மண்ணில் புதைந்தால் கத்தரி தன் சொந்த வேரை விட்டுக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். என் முதல் பத்தில் நாலுதான் பிழைத்தது, அடுத்த பத்தில் ஏழு.

சுண்டை வேர் தாங்கும், ஆனால் அதற்குள் கிருமியே போகாது என்று அர்த்தம் இல்லை. வாடாமல் நிற்கும் செடிக்குள்ளும் கொஞ்சம் இருக்கலாம். அதனால் பிளேடு, செருப்பு எல்லாம் பழையபடியேதான்.

கடைசி வேலை: காவலுக்கு ஒரு தக்காளி

சோளம் போட்டாச்சு, வெயில் காட்டியாச்சு, சுண்ணாம்பு போட்டாச்சு, மண் இப்போது சுத்தமா? ஆய்வகத்துக்கு அனுப்பினாலும், தூங்குகிற கிருமி தட்டில் முளைக்காது என்று பார்த்தோம். ஆனால் தக்காளி வேர் எழுப்பிவிடும். அதனால் பாத்தி முழுக்க நடுவதற்கு முன்னால், ஒட்டுப் போடாத சாதா நாட்டுத் தக்காளிக் கன்று இரண்டு மூன்றை மட்டும் அங்கங்கே நட்டுவிட்டு ஆறு வாரம் சும்மா இருங்கள். தண்ணீர் தேங்கும் மூலையில் கட்டாயம் ஒன்று. வாடினால் கிளாஸில் வைத்துப் பாருங்கள், இழை வந்தால் இன்னொரு போகம் சோளம். வாடாவிட்டால் நடலாம்.

என் பாத்தியில் போன வாரத்தோடு ஐந்து வாரம் முடிந்தது. வேலி ஓரத்துத் தக்காளியில் பூ வந்திருக்கிறது, மத்தியானம் இரண்டு மணி வெயிலில் போய்ப் பார்த்தேன், தலை நிமிர்ந்துதான் இருந்தது. கிளாஸைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.